போர்டு சத்தம் கேட்டால் கோலா?

தென்கரை ஃபுல்பேக் (ஞாயிறு இரவு 8.40)
இன்று காலை எங்களுக்கும் வடகரைக்கும் நடந்த ஹாக்கி ஆட்டத்தைப் பற்றி வடகரைக் குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதியிருப்பதை எங்கள் பையன் ஒருவன் எனக்கு அனுப்பினான். "கடைசி நிமிஷ பெனால்டி கார்னர், சுத்தமான கோல், கோலின் பின்பலகையில் பந்து பட்ட போர்டு சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது, தென்கரைக்காரர்கள் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள்" என்று இருக்கிறது. படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. சுத்தமான கோலா அது? 2-2 என்று இருந்த ஆட்டம். கார்னருக்கு, அதாவது அவர்கள் பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிக் கொடுத்து கோலுக்கு அடிக்கிறபோது, நான்தான் இடது போஸ்டில் நின்றேன், கோட்டின் மேலேயே. பந்து எனக்கும் கீப்பருக்கும் நடுவில் என் முழங்காலுக்கு மேலே இரண்டு விரக்கடை உயரத்தில் போனது. கார்னரில் முதல் ஷாட் ஸ்டிக்கை வீசி அடிக்கிற ஹிட் என்றால் கோல் கோட்டைக் கடக்கும்போது பந்து 460 மில்லிமீட்டருக்கு மேலே இருக்கக் கூடாது. அம்பயர் கையை நீட்டிவிட்டார், நீங்கள் 3-2 என்று எழுதிக்கொண்டீர்கள். சுத்தம் என்று மட்டும் எழுதாதீர்கள்.

வடகரை ஃபார்வர்டு (இரவு 8.52)
அண்ணே, அந்தப் பதிவை எழுதியது நான்தான். ஒரு வார்த்தையும் மாற்ற மாட்டேன். போர்டின் உயரமே 460 மில்லிமீட்டர்தான். பந்து போர்டில் பட்டுச் சத்தம் கேட்டது. அப்படியென்றால் 460-க்குக் கீழேதான் போயிருக்கிறது. இதில் உங்கள் முழங்கால் எங்கே வந்தது?

தென்கரை ஃபுல்பேக் (இரவு 8.58)
முழங்கால் கோட்டின் மேலே நின்றது தம்பி. போர்டு எங்கே நிற்கிறது? கோட்டுக்கு 1.2 மீட்டர் பின்னால். விதி கோட்டில் என்ன உயரம் என்றுதான் கேட்கிறது, போர்டில் எங்கே பட்டது என்று கேட்கவில்லை. மேலே போய் இறங்கி வந்து பட்டாலும் போர்டு சத்தம் வரும்.

வடகரை ஃபார்வர்டு (இரவு 9.03)
அந்த வேகத்தில் போன பந்து ஒரு மீட்டருக்குள் தலைகுப்புற இறங்கிவிட்டதா? நியூட்டன் தென்கரைக்காரர் போலிருக்கிறது. போர்டு சத்தம் கேட்டது, கோல். அவ்வளவுதான்.

விதிப்புத்தகம் (இரவு 9.10)
இரண்டு பேரும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். முதலில் அது ஹிட்டா, பந்தை ஸ்டிக்கோடு ஒட்டி இழுத்து விடுகிற டிராக் ஃபிளிக்கா? அதை முடிவு செய்யாமல் உயரத்தைப் பேசிப் பயனில்லை. 460 கணக்கு ஹிட்டுக்கு மட்டும்தான். ஃபிளிக், பந்தைக் கோரித் தூக்குகிற ஸ்கூப் என்றால் ஆபத்து இல்லாமல் எந்த உயரத்தில் வேண்டுமானாலும் போகலாம். ஸ்டிக்கை நீளமாகப் பெருக்குவதுபோல் கொண்டுவந்து அடிக்கிற ஸ்லாப்பும் ஹிட் கணக்கில்தான் வரும். அடித்தவர் எப்படி அடித்தார் என்று யாராவது சொன்னால் விஷயம் முடிந்துவிடும்.

தென்கரை ஃபுல்பேக் (இரவு 9.14)
சார், எப்படி அடித்தால் என்ன, முழங்காலுக்கு மேலே போனது.

வடகரை ஃபார்வர்டு (இரவு 9.15)
எப்படி அடித்தால் என்ன, போர்டு சத்தம் கேட்டது.

வடகரை லெஃப்ட் இன் (இரவு 9.21)
அடித்தது நான்தான். டிராக்தான் அண்ணே. தள்ளிவந்த பந்தை ஸ்டாப்பர் நிறுத்தியதும் இழுத்துத்தான் விட்டேன்.

தென்கரை ஃபுல்பேக் (இரவு 9.26)
தம்பி, உன் ஆட்டம் எனக்குப் பிடிக்கும், அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். டிராக் என்றால் பந்து ஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு வரும், சத்தமே இருக்காது. நீ விட்டபோது டொக்கென்று கேட்டது. ஷாட்டைத் தடுக்க ரஷ்ஷுக்கு முன்னால் ஓடிய எங்கள் பையனுக்கும் கேட்டது. செம்மண் தரையில் டிராக் பண்ணினால் பந்து குதிக்கும், ஸ்டிக்கை விட்டு விலகும். அதனால்தான் இந்த மைதானத்தில் எல்லாரும் ஸ்லாப் அடிக்கிறோம். நீயும் ஸ்லாப்தான் அடித்தாய். முழங்காலுக்கு மேலே போனது.

கோவில்பட்டிக்காரன் (இரவு 9.33)
செம்மண்ணில் டிராக் வராது என்று யார் சொன்னது? எங்கள் ஊரில் செயற்கைப் புல் டர்ஃப் வருவதற்கு முன்னால் கரிசல் மண்ணில் ஆடித்தான் பசங்க வளர்ந்தார்கள். 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணியில் ஆடிய மாரீஸ்வரன் எங்கள் ஊர். அதே தொடரில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் ஆட்டத்திலேயே கோல் போட்ட கார்த்தியும் எங்கள் ஊர் விடுதியில் பயிற்சி எடுத்தவர்தான். எங்கள் ஊர் லட்சுமி அம்மாள் கோப்பைக்கு வந்து கேலரியில் உட்கார்ந்து பாருங்கள், மதுரை ஆட்கள் கார்னர் அடிக்கக் கற்றுக்கொள்ளலாம்.

வடகரை ஃபார்வர்டு (இரவு 9.37)
வந்துவிட்டார். எந்தப் பேச்சு எடுத்தாலும் கோவில்பட்டி. கடலைமிட்டாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2025 ஜூனியர் உலகக் கோப்பை எங்கே நடந்தது? சென்னையிலும் மதுரையிலும். 24 அணிகள் ஆடின. டிசம்பர் 2-ல் இந்தியா சுவிட்சர்லாந்தை 5-0 என்று அடித்தது எங்கள் மதுரை ரேஸ்கோர்ஸ் நீல டர்ஃபில். கோவில்பட்டியில் இல்லை.

கோவில்பட்டிக்காரன் (இரவு 9.41)
டர்ஃப் உங்களுடையது. அதில் ஆடுகிற ஆள்? நீங்களே இன்னும் செம்மண்ணில்தானே ஆடுகிறீர்கள்.

தென்கரை ஃபுல்பேக் (இரவு 9.45)
கோவில்பட்டிச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. கோட்டின் மேலே நின்றவன் நான். வேறு யாரும் அங்கே இல்லை. அம்பயர் எங்கே நின்றார்? கோலுக்கு முன்னால் இருக்கிற டி வளைவுக்கு வெளியே, கார்னர் புஷ் பண்ணுகிறவன் பக்கத்தில். அங்கிருந்து 460 தெரியுமா?

வடகரை ஃபார்வர்டு (இரவு 9.50)
உங்கள் உயரம் என்ன அண்ணே? கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆறடி ஆளுக்கும் ஐந்தடி ஆளுக்கும் முழங்கால் ஒரே இடத்திலா இருக்கிறது? அதுவும் கார்னருக்கு நீங்கள் பாதி உட்கார்ந்தமாதிரிதான் நிற்பீர்கள். குனிந்து நிற்கிறவனின் முழங்கால் எங்கே, 460 எங்கே?

தென்கரை ஃபுல்பேக் (இரவு 9.56)
இதற்காகவே வீட்டில் டேப் வைத்து அளந்துவிட்டேன். ஆட்டத்துக்குப் போட்ட அதே ஷூவோடு. முழங்கால் சில்லின் மேல்விளிம்பு தரையிலிருந்து 49 சென்டிமீட்டர். 46-க்கு மேலே. அதற்கும் மேலே இரண்டு விரக்கடை. குனிந்தால் எவ்வளவு குறையும் என்று கேட்பீர்கள், அதையும் அளந்தேன், 47-க்குக் கீழே வரவில்லை. வேண்டுமானால் அடுத்த ஞாயிறு டேப்போடு வருகிறேன்.

பழைய கீப்பர் (இரவு 10.05)
இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் சின்னதிலிருந்து பார்க்கிறவன் நான். இன்று வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். போர்டு சத்தத்தில் இரண்டு வகை உண்டு. பலகையின் நடுவில் பட்டால் டம்மென்று அடிவயிற்றில் கேட்கும். மேல்விளிம்பில் பட்டால் சட்டென்று வறட்டுச் சத்தம் வரும். இன்று கேட்டது வறட்டுச் சத்தம். விளிம்பில் பட்ட பந்து. அது கோட்டில் மேலேயும் இருந்திருக்கலாம், கீழேயும் இருந்திருக்கலாம். எங்கள் காலத்தில் இப்படி வந்தால் அம்பயர் இரண்டு கேப்டனையும் கூப்பிட்டுக் கேட்பார்.

வடகரை ஃபார்வர்டு (இரவு 10.09)
ஐயா, உங்கள் காலத்தில் ஆஃப்சைடுகூட இருந்தது. அதை 1998-லேயே எடுத்துவிட்டார்கள். கேப்டனைக் கூப்பிட்டுக் கேட்கிற வழக்கமும் அதோடு போய்விட்டது. போர்டு சத்தம் கேட்டது என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள், நன்றி.

பழைய கீப்பர் (இரவு 10.14)
ஒத்துக்கொண்டேன் என்று யாரப்பா சொன்னது? நான் சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போடுகிறாய். உனக்கு ரிவர்ஸ் ஸ்டிக் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது யார்? ஸ்டிக்கின் பின்பக்கம் பட்டு பேக் ஸ்டிக் ஆகி ஆகி வாரா வாரம் ஊதல் வாங்கிக்கொண்டிருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? ஹெல்மெட் இல்லாமல், பஞ்சு அடைத்த லெக்கார்டைக் கட்டிக்கொண்டு நின்று ஆடியவர்கள் நாங்கள். 160 கிராம் பந்து நெஞ்சில் பட்டு மறுவாரம் வரைக்கும் வலிக்கும். மரியாதையாகப் பேசு.

தென்கரை ஃபுல்பேக் (இரவு 10.17)
பெரியவரிடம் பேசுகிற பேச்சா இது? வடகரையின் லட்சணம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஐயா, விளிம்பு என்று நீங்கள் சொன்னதே போதும். விளிம்பின் உயரம் 460. கோட்டில் அதைவிட மேலே இருந்து இறங்கித்தான் விளிம்பில் பட்டிருக்கிறது. நான் முதலிலிருந்து சொல்வது இதுதான்.

விதிப்புத்தகம் (இரவு 10.22)
மறுபடியும் சொல்கிறேன், டிராக் என்றால் விளிம்பு, முழங்கால் எதுவும் கணக்கில் வராது. ஹிட்டாகவே இருந்தாலும் வழியில் 460-க்கு மேலே எழும்பலாம். யார் ஸ்டிக்கிலும் படாமல், தானாகவே கோட்டுக்கு முன்னால் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் சரிதான், ஆபத்து மட்டும் இருக்கக் கூடாது. ஸ்டிக்கையும் பந்தையும் பார்த்த ஒரு ஆள் போதும். வீடியோ எதுவும் இல்லையா?

தென்கரை கோல்கீப்பர் (இரவு 10.30)
வீடியோ இருக்கிறது சார். எங்கள் சித்தப்பா மகன் போஸ்டுக்குப் பின்னால் நின்று போனில் எடுத்தான். ஷாட் அடிக்கிற நேரத்தில் என் முதுகுதான் முழுக்கத் தெரிகிறது. பந்து தெரியவில்லை. சத்தம் மட்டும் இருக்கிறது. டொக், உடனே போர்டு.

வடகரை ஃபார்வர்டு (இரவு 10.33)
பார்த்தீர்களா, அவர்கள் வீடியோவிலேயே போர்டு சத்தம் இருக்கிறது.

தென்கரை ஃபுல்பேக் (இரவு 10.34)
பார்த்தீர்களா, டொக் இருக்கிறது. டொக் என்றால் ஸ்லாப். ஸ்லாப் என்றால் ஹிட். முழங்காலுக்கு மேலே போனது.

ரேஸ்கோர்ஸ் ஹாஃப்பேக் (இரவு 10.41)
நீங்கள் மைதானத்தில் நின்று இதையே பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் பெண்பிள்ளைகள் ஷின்கார்டு கட்டிக்கொண்டு வெயிலில் காத்திருந்தார்கள். எட்டரைக்கு மைதானம் எங்களுக்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் நகர்ந்தபோது ஒன்பதே கால். அதற்குப் பிறகு தரை கொதிக்க ஆரம்பித்துவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் டியூஷனை விட்டுவிட்டு வருகிறார்கள். அவர்களில் ஒருத்தி உங்கள் லெஃப்ட் இன்னைவிடச் சுத்தமாக டிராக் பண்ணுவாள். அவளுக்கு இன்றைக்குக் கிடைத்தது அரை மணி நேரம்கூட இல்லை. இதற்கு யார் பதில் சொல்வது?

வடகரை ஃபார்வர்டு (இரவு 10.46)
அக்கா, நியாயம்தான். ஆனால் தாமதம் எங்களால் இல்லை. கோலைக் கொடுத்த பிறகும் நடுவிலிருந்து ஆட்டத்தைத் தொடங்குகிற சென்டர் பாஸ் எடுக்க வர மாட்டேன் என்று ஸ்டிக்கைத் தரையில் போட்டுவிட்டு நின்றது தென்கரை.

தென்கரை ஃபுல்பேக் (இரவு 10.52)
அக்காவிடம் நாங்களும் பேசிக்கொள்கிறோம். நாங்கள் ஸ்டிக்கைப் போட்டது ஏன் என்பதையும் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு அம்பயர் என்பதுதான் பேச்சு. எங்கள் பக்கத்து அம்பயர் தல்லாகுளத்தில் முகூர்த்தம் என்று மூன்றாவது கால்மணி முடிந்ததும் கிளம்பிவிட்டார். அப்போதே நான் உங்கள் கேப்டனிடம் வந்து கேட்டேன், வெளியாள் ஒருவரைப் போடலாம் என்று. பழைய கீப்பர் ஐயாவே உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்று சொன்னது யார்? கடைசிப் பதினைந்து நிமிஷம் ஒரே அம்பயர், அவர் உங்கள் கிளப்பில் பத்து வருஷமாக ஆடிய ஆள். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஒரு ஆள் இரண்டு டி-யையும் ஓடிப் பார்க்க முடியாது. அதனால்தான் டி-க்கு வெளியே மாட்டிக்கொண்டு நின்றார். அவருக்கும் கேட்டது போர்டு சத்தம் மட்டும்தான், கண்ணால் எதையும் பார்க்கவில்லை. காதால் கோல் கொடுக்கிற விளையாட்டை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

வடகரை லெஃப்ட் இன் (இரவு 10.57)
அண்ணே, டிராக்தான் அண்ணே. நான்தானே அடித்தேன்.

வடகரை ஃபார்வர்டு (இரவு 11.01)
உங்கள் அம்பயர் பந்தி சாப்பிடப் போனதற்கு நாங்கள் பொறுப்பா? முதல் பாதியில் அவர் எங்களுக்கு எதிராகக் கொடுத்த, கீப்பர் மட்டும் நிற்க ஒருவர் அடிக்கிற பெனால்டி ஸ்ட்ரோக்கை யாராவது பேசினோமா? எங்கள் பையனின் காலில் பட்டது உண்மை, கோலுக்குப் போகிற பந்தும் இல்லை, வேண்டுமென்று வைத்த காலும் இல்லை. ஷார்ட் கார்னர், அதாவது பெனால்டி கார்னர் கொடுக்க வேண்டியதற்கு ஸ்ட்ரோக் கொடுத்தார். உங்கள் இரண்டு கோலில் ஒன்று அது. வாயை மூடிக்கொண்டு ஆடினோம்.

தென்கரை ஃபுல்பேக் (இரவு 11.06)
ஸ்ட்ரோக்கைப் பற்றி அப்போதே கேட்டிருக்க வேண்டும். இப்போது எடுத்துக்கொண்டு வருகிறீர்கள் என்றாலே மூன்றாவது கோலில் ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

கோவில்பட்டிக்காரன் (இரவு 11.10)
ஸ்ட்ரோக்கா ஷார்ட் கார்னரா என்பதுகூடத் தெரியாத அம்பயர்களை வைத்து ஆடுகிறீர்கள். உலகக் கோப்பை நடந்த ஊர்.

வடகரை ஃபார்வர்டு (இரவு 11.12)
உங்களை யாரும் கூப்பிடவில்லை.

தென்கரை ஃபுல்பேக் (இரவு 11.20)
கோவில்பட்டிக்காரரே, எங்கள் அம்பயரை நாங்கள் திட்டுவோம், நீங்கள் திட்ட வேண்டாம். வடகரைக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அடுத்த ஞாயிறு ஆறரைக்கு வருவோம். ஆட்டம் முடிகிறவரை இரண்டு அம்பயர் நிற்க வேண்டும். அதோடு வலையை மாற்றி வையுங்கள். கீழே அவிழ்ந்து தொங்குகிற வலையில் எந்தப் பந்து எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

வடகரை ஃபார்வர்டு (இரவு 11.24)
புது வலைக்குப் பாதிக் காசு தருகிறோம் என்று சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாலேயே சொன்னீர்கள். இன்னும் வரவில்லை. கோடு போடுகிற சுண்ணாம்புக் காசும் நாங்கள்தான் போடுகிறோம்.

தென்கரை ஃபுல்பேக் (இரவு 11.27)
வலையைக் கிழித்தது யார்? உங்கள் சென்டர் ஹாஃப் அடித்த பந்து வலையைப் பிய்த்துக்கொண்டு பின்னால் நிறுத்தியிருந்த என் பைக்கின் இண்டிகேட்டரை உடைத்தது. அந்தக் காசை முதலில் கொடுங்கள், அப்புறம் வலைக் காசைப் பேசலாம்.