தாத்தாவின் சவரப் பிரஷ்

குடும்பக் குழு, சுங்கை சிப்புட்

நான்: ஞாயிற்றுக்கிழமை திதிக்குப் படத்தின் முன் வைப்பதற்காகத் தாத்தாவின் பெட்டியைத் திறந்தேன். கண்ணாடியும் கைக்கடிகாரமும் நன்றாக இருக்கின்றன. சவரப் பிரஷ் மட்டும் கல்லாக இறுகி, முடிக்கட்டு பிடியில் ஆடுகிறது. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கிள்ளான் அத்தை: பெட்டி உங்கள் வீட்டிலா இருக்கிறது? அண்ணன் வீட்டில் இருப்பதாக அல்லவா எனக்குச் சொன்னார்கள்!

பெரியப்பா: அதை ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம்.

சித்தப்பா: தம்பி, அது பழைய சோப்பும் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் சேர்ந்த படிவு. ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து, முடி மட்டும் நனையும்படி சில நிமிடங்கள் வைத்திருந்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி விட்டு உள்ளங்கையில் நுரைத்து, நுரை வெள்ளையாக வரும்வரை அலசு. கொதிநீர் கூடவே கூடாது. முடி கெட்டு, பசையும் இளகிவிடும்.

கிள்ளான் அத்தை: பழைய பிரஷ்ஷால் நோய் வருமென்று யாரோ அனுப்பியிருந்தார்கள்.

சித்தப்பா: அதில் பாதி உண்மை, அக்கா. முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகக் கிருமி நீக்காத குதிரை முடிப் பிரஷ்களால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பலருக்கு ஆந்த்ராக்ஸ் என்ற கிருமி நோய் வந்தது. அப்பா இதை வாங்கியது சுதந்திரத்துக்குப் பிறகு, ஈப்போவில். இது குதிரை முடியும் அன்று.

அம்மா: பிறகு எதனுடைய முடி? படையல் இலைக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறோமே.

சித்தப்பா: பேட்ஜர் என்ற காட்டு விலங்கின் முடி மென்மையாக, நுனி வெளுத்து, நடுவில் கறுப்புப் பட்டையோடு இருக்கும். பன்றி முடி தடித்து விறைப்பாக இருக்கும். புழங்கப் புழங்க நுனி பிளந்து மெத்தென்று ஆகும். சாயப் பட்டை போட்ட பன்றி முடியும் விற்பதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. தம்பி அனுப்பிய படத்தில் நுனிகள் பிளந்திருக்கின்றன.

கிள்ளான் அத்தை: பன்றி முடியைச் சாமி அறையிலா வைப்பது?

பெரியப்பா: தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு முன் லயத்துக் குழாயடியில் நின்று அப்பா இந்தப் பிரஷ்ஷால்தான் சவரம் செய்தார். அதே முகத்தோடு மாரியம்மன் கோயிலுக்கும் போனார்.

கிள்ளான் அத்தை: அவருக்குத் தெரிந்திருக்காது, அண்ணே. கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

சித்தப்பா: மலேசியாவில் 2013-ஆம் ஆண்டு ஆணைப்படி இப்போது பன்றி முடி என்பதை லேபலில் எழுதியே விற்க வேண்டும். லேபல் இல்லாத பெயிண்ட் பிரஷ்களை 2017-இல் அதிகாரிகள் பறிமுதல் செய்தது நினைவிருக்கும்.

அம்மா: அப்படியென்றால் கூடத்தில் தனி மேசை போட்டு வைக்கலாமா?

பெரியப்பா: படத்தின் முன்தான் வைக்க வேண்டும்.

அக்கா: ஆடுகிற முடிக்கட்டை என்ன செய்வது, சித்தப்பா?

சித்தப்பா: மெதுவாக இழுத்தெடுத்து, குழியிலுள்ள பழைய பசையைச் சுரண்டி, இரண்டு குழாய்களில் வரும் எபோக்சிப் பசையைச் சம அளவில் கலந்து கொஞ்சமாக வைத்து நேராக நிறுத்த வேண்டும். ஈரமிருந்தால் பசை பிடிக்காது. ஆகவே இன்றிரவே கழுவிக் காற்றாடக் காயவிடு.

நான்: வினிகர் இருக்கிறது. எபோக்சியை யார் வாங்கி வருகிறீர்கள்?

கிள்ளான் அத்தை: சரிசெய்த பிறகு பிரஷ் யாரிடம் இருக்கும்?

சித்தப்பா: எபோக்சி என்னிடம் பாதிக் குழாய் இருக்கிறது. இறுகிப் போகவில்லையென்றால் வெள்ளிக்கிழமை மாலை கொண்டு வருகிறேன்.