டின்ல போட்டிருக்கும் கலோரி பாகோட சேர்த்தா, வடிச்ச பிறகா?

கொண்டைஊசி20:
ஏற்காட்டுல சின்ன தங்கும் விடுதி சமையலறைக்காகக் கேக்கறேன். மழையில மலைப்பாதை அடைபட்டா சேலத்துல இருந்து காய்கறி வண்டி ஏறாது. அதுக்காக அன்னாசி, ரசகுல்லா, கொண்டைக்கடலை, எண்ணெய்ல போட்ட டியூனா, கண்டென்ஸ்டு மில்க் எல்லாம் டின்னா இருப்பு இருக்கு. சர்க்கரை உள்ள விருந்தினர்கள் கிண்ணத்துக்கு எத்தனை கலோரின்னு கேக்கறாங்க. அன்னாசி டின்ல நெட் வெயிட் 850 கிராம், டிரெயின்டு வெயிட் (பாகு வடிச்ச எடை) 500 கிராம், 100 கிராமுக்கு 75 கிலோ கலோரின்னு இருக்கு. எதை வெச்சுப் பெருக்கறது? பாகைக் கொட்டிட்டு அலசினா குறையுமா? வெளிநாட்டு அன்னாசி டின் ஒண்ணுல 310-ன்னு இருக்கே, அது எப்படி நாலு மடங்கு?

அஸ்தம்பட்டி டயட்:
முதல்ல அந்த 310. பக்கத்துல கிலோ ஜூல்னு இருக்கும், பாருங்க. ஒரு கிலோ கலோரி (நாம சும்மா கலோரின்னு சொல்றது இதைத்தான்) 4.18 கிலோ ஜூல். 310-ஐ 4.2-ஆல வகுத்தா 74. ரெண்டு டின்னும் ஒண்ணுதான்.

பழ டின்ல பலபேர் தப்பு பண்றது பாகு விஷயத்துல. டின் அடைச்ச சில வாரத்துல பாகுல இருக்கிற சர்க்கரை பழத்துக்குள்ள போயி, பழச்சாறு வெளியில வந்து, ரெண்டும் ஏறக்குறைய ஒரே இனிப்புக்கு வந்துடும். அதனால 100 கிராம் துண்டும் 75, 100 கிராம் பாகும் கிட்டத்தட்ட 75. முழு டின் 640 வரும். பாகைக் கொட்டினா மிச்சம் இருக்கிற 500 கிராம் துண்டுக்கு 375. ஆனா தட்டுல வைக்கிற துண்டோட கலோரி ஒரு பொட்டும் குறையல. தண்ணியில அலசினா மேல ஒட்டியிருக்கிற பாகு மட்டும்தான் போகும். சர்க்கரை உள்ளவங்களுக்கு "அலசிட்டேன், சாப்பிடுங்க"ன்னு தயவுசெய்து சொல்லாதீங்க.

உண்மையில குறையணும்னா வாங்கும்போதே பார்க்கணும். சர்வதேச தரப்படி லைட் சிரப்னா 14 பிரிக்ஸ்ல இருந்து, ஹெவி 18-ல இருந்து, எக்ஸ்ட்ரா ஹெவி 22-ல இருந்து. பிரிக்ஸ்ங்கிறது 100 கிராம் பாகுல ஏறக்குறைய எத்தனை கிராம் சர்க்கரைங்கிறதுதான். சொந்தச் சாறுல போட்டது இன்னும் நல்லது. அதுல 'ஆடட் சுகர்' (தனியா சேர்த்த சர்க்கரை) 0-ன்னு இருக்கும், ஆனா 'டோட்டல் சுகர்ஸ்' (மொத்த சர்க்கரை) வரி காலியா இருக்காது. சர்க்கரை நோய்க்குக் கணக்கு அந்த வரிதான். மாங்கூழ் டின்னுக்கும் இதே பார்வைதான்.

ரசகுல்லா வேற மாதிரி. பஞ்சு மாதிரி பாகைப் பிடிச்சு வெச்சிருக்கும், பிழிஞ்சா நிஜமாவே குறையும். ஒரு உருண்டையை எடை போட்டுட்டு, பிழிஞ்சு மறுபடி போடுங்க. 15 கிராம் குறைஞ்சு, பாகுல 40 சதவீதம் சர்க்கரைன்னா, 6 கிராம் சர்க்கரை, அதாவது 24 கலோரி வெளியில போயிருக்கு.

குகை மளிகை:
டியூனா டின் பழ டின்னுக்கு நேர்மாறு. எண்ணெய் மீனுக்குள் அவ்வளவாக ஏறாது, வெளியில்தான் நிற்கும். லேபிளில் 'டிரெயின்டு' என்று குறித்திருந்தால் அந்த எண் எண்ணெய் வடித்த மீனுக்கு மட்டும். டின் எண்ணெயை வீணாக்க வேண்டாம் என்று தாளிக்க எடுத்தால் ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி தனியாகச் சேரும். அப்படி எதுவும் குறிக்காமல் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் கொழுப்பு இருந்தால், பெரும்பாலும் எண்ணெயோடு சேர்த்த கணக்கு. சல்லடையைச் சற்றுச் சாய்த்து 2 நிமிடம் வடிய விட்டு எடை போடுங்கள். அழுத்திப் பிழிந்தால் டின்னில் போட்ட எடையோடு ஒத்துவராது.

கொண்டைக்கடலையில் மாட்டுவது வேறு இடத்தில். காய்ந்த கடலை 100 கிராமுக்கு சுமார் 360 கலோரி, டின்னில் இருக்கும் வெந்த கடலை வடித்த பிறகு 120, 130. சமையல் குறிப்பில் 200 கிராம் காய்ந்த கடலை என்று இருந்தால் அதே எடைக்கு டின் கடலையைப் போட்டு விடாதீர்கள். இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். இதை அலசுவது அவசியம், கலோரிக்காக அல்ல, உப்புக்காக. வடித்து, ஓடும் தண்ணீரில் அலசினால் சோடியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

நம் ஊர் லேபிளில் 'ஒரு பரிமாறலுக்கு இத்தனை சதவீதம்' என்று வருவது ஒரு நாளைக்கு 2000 கலோரி, 67 கிராம் கொழுப்பு, 50 கிராம் சேர்த்த சர்க்கரை, 2000 மில்லிகிராம் சோடியம் என்ற பொது அளவை வைத்து. 1500 கலோரியில் இருக்கச் சொல்லப்பட்ட விருந்தினருக்கு அந்தக் கலோரி சதவீதம் பொருந்தாது. பரிமாறல் 30 கிராம் என்று போட்டிருப்பார்கள், கிண்ணத்தில் விழுவது 120 கிராமாக இருக்கும். எப்போதும் 100 கிராம் வரியையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கொண்டைஊசி20:
ரொம்ப நன்றிங்க. கண்டென்ஸ்டு மில்க்ல ஜவ்வரிசிப் பாயசம் வைக்கிறோம். அதை எப்படிப் பிரிக்கிறது?

அஸ்தம்பட்டி டயட்:
பானைக்குள்ள போறதை மட்டும் கூட்டுங்க. 400 கிராம் டின், 100-க்கு 325-ன்னா 1300. ஜவ்வரிசியைக் காய்ஞ்ச எடையிலதான் பிடிக்கணும், ஊறி வெந்ததும் தண்ணியைக் குடிச்சு பல மடங்காயிடும். 150 கிராமுக்கு 525. டோன்டு பால் ஒரு லிட்டர் 580. நெய் 2 மேசைக்கரண்டி 240. ஆக 2645. தண்ணிக்கு 0. கண்டென்ஸ்டு மில்க்லயே சர்க்கரை இருக்கு, மேல போட்டா கிராமுக்கு 4 கூட்டிக்குங்க. முந்திரி போட்டா 100 கிராமுக்கு 580 வரை வரும், அதையும் விடாதீங்க.

வெறும் பாத்திரத்தை முன்னாடியே எடை போட்டுக் குறிச்சு வெச்சுக்குங்க. இறக்கினதும் பாத்திரத்தோட போட்டுக் கழிச்சா பாயசம் 2 கிலோன்னு வெச்சுக்குவோம்: கிராமுக்கு 1.32. 150 கிராம் கிண்ணம் 200. ஆற ஆறக் கெட்டியாகுதுன்னு பால் ஊத்தித் தளர்த்தினா எடையும் மாறும், கலோரியும் மாறும். ஊத்தின பாலைக் கூட்டி மறுபடி வகுங்க.