கொலையாளி யாரென்று தெரிந்தே ஆக வேண்டுமா?

நண்பர்களே, ஓர் உதவி. எங்கள் வாசிப்புக் கூடுகைக்கு நகரத்தில் நடக்கும் நுவார் எனப்படும் இருண்ட குற்றக்கதைகளைப் பகடி செய்யும் ஒரு நாவலை எடுத்தோம். பாதிப் பேர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். மீதிப் பேருக்குக் கடுங்கோபம். கொலையாளி யாரென்று கடைசிவரை தெளிவாகவில்லையாம். துப்பறியும் கதை எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லரின் 'தி பிக் ஸ்லீப்' (1939) நாவலிலேயே கார் டிரைவரின் சாவுக்குச் சரியான விடை கிடையாது என்றேன். "அது கவனப்பிசகு, இது ஏமாற்று" என்று பதில் வந்தது. (அதுவும் நியாயமாகத்தான் படுகிறது!) எனக்கென்னவோ நாங்கள் எடுத்த நாவலில் புதிரைவிட அந்த ஊழல் நகரமும், அடிவாங்கிக்கொண்டே நக்கலடிக்கும் துப்பறிவாளனும்தான் பிடித்தது.

பகடி என்பதற்காகப் புதிரை அவிழ்க்காமலே விடலாமா? இப்படி முடிந்த நாவல்களில் உங்களுக்கு எது பிடித்தது, எது எரிச்சலூட்டியது? சனிக்கிழமைக்குள் சொன்னால் விவாதத்துக்குக் கேள்விகள் தயாரித்துவிடுவேன். முடிவை மட்டும் போட்டு உடைத்துவிடாதீர்கள்.