டர்பன் கப்பல் பட்டியலில் கொள்ளுத்தாத்தா பெயர் கிடைக்கவில்லை

கேள்வி: வணக்கம். அப்பாவின் தாத்தா சென்னையில் கப்பலேறி, தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகம் உள்ள நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர். எங்கள் குடும்பப் பெயர் மூட்லி. சித்தப்பா வீட்டில் மட்டும் முதலியார் என்று எழுதுகிறார்கள், கேட்டால் சண்டை. அப்படிக் கப்பலில் போனவர்களின் பட்டியலில் இரண்டையும் தேடினேன், ஒன்றும் வரவில்லை. ஊர் வட ஆற்காடு பக்கமாம்.

பதில்: குடும்பப் பெயரை விட்டுவிடுங்கள். 1860இல் கூலியாட்களை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ வந்தது முதல் 1911 வரை ஆள் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் என்றுதான் பதிந்தார்கள். மூட்லி, நாயுடு எல்லாம் பலருக்குப் பிறகு ஒட்டிக்கொண்டவை.

கேள்வி கேட்டவர்: சரி, அவர் பெயர் முனுசாமி. அதுவே நூறு பேர் இருப்பார்களே?

இன்னொரு பதில்: இருப்பார்கள். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியதால் மூனசாமி, மூன்சாமி என்றும் பாருங்கள் தம்பி. அதைவிட நல்ல வழி, குடியேற்ற எண். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பழைய பிறப்பு, கல்யாணச் சான்றிதழ்களில் அது இருக்கும்.

கேள்வி கேட்டவர்: தாத்தா கல்யாணச் சான்றிதழில் பெயருக்குப் பக்கத்தில் ஆறு இலக்கம் இருக்கிறது! அத்தை ரசீது எண் என்றார்.

பதில்: அதேதான். அதை வைத்துத் தேடுங்கள்.