குமுளி முகட்டு டவரில் வருடத்துக்கு எத்தனை இடி விழும்?

லோயர்கேம்ப் வாசி:
எங்கள் வீட்டுக்கு மேலே, முகட்டில் 40 மீட்டர் செல்போன் டவர் நிற்கிறது. போன ஐப்பசியில் மட்டும் இரண்டு தடவை அதன் உச்சியில் இடி இறங்கியதைப் பார்த்தேன், இரண்டாவது தடவை டிவியும் மோடமும் போய்விட்டன. டவர் வந்ததால்தான் இங்கே இடி விழுகிறது என்று தெருவே சொல்கிறது. வருடத்துக்கு எத்தனை விழும் என்று கணக்கிட வழி உண்டா? நான் குறித்து வைத்தபடி இடி கேட்கும் நாள் வருடத்துக்கு 60.

கம்பம் எலக்ட்ரிக்கல்:
உண்டு தம்பி. இடி பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 62305-இன் 2010 பதிப்பில் உள்ள முறை இது. இடி நாளைப் பத்தால் வகுத்தால், ஒரு சதுர கிலோமீட்டரில் வருடத்துக்குத் தரையில் விழும் இடி கிடைக்கும், உங்களுக்கு 6. டவர் தன் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆரத்துக்குள், அதாவது 120 மீட்டர் வட்டத்துக்குள் வருவதை வாங்கிக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வட்டம் 0.045 சதுர கிலோமீட்டர். ஆறால் பெருக்கினால் 0.27, தனியாக மலை உச்சியில் நிற்பதால் இரண்டு மடங்கு, ஆக 0.54. இரண்டு வருடத்துக்கு ஒன்று. உயரம் இரட்டித்தால் வட்டம் நான்கு மடங்காகும், அதனால் உயரத்தைச் சரியாக விசாரியுங்கள். 100 மீட்டருக்கு மேல் போனால் கோபுரத்திலிருந்தே மின்னல் மேலே கிளம்பும், அதற்கு இந்தக் கணக்கு போதாது.

புளியரை:
0.54 என்பது நீண்டகாலச் சராசரிதான். ஒரே வருடத்தில் சரியாக இரண்டு விழ நூற்றுக்கு எட்டு ஒன்பது வாய்ப்பு இருக்கிறது, அதனால் நீங்கள் பார்த்தது கணக்கைப் பொய்யாக்காது. அப்புறம், டவருக்குப் பின்னால் விழுந்ததும் உச்சியில் விழுந்த மாதிரிதான் தெரியும். செயற்கைக்கோள் மின்னல் வரைபடத்து எண்ணை மட்டும் அந்த 6-க்குப் பதிலாக அப்படியே போடாதீர்கள், மேகத்துக்குள்ளேயே மின்னுவதும் அதில் சேர்ந்திருக்கும்.

லோயர்கேம்ப் வாசி:
சரி அண்ணா, எங்கள் வீடு டவரிலிருந்து 90 மீட்டர்தான். அப்படியானால் தெருக்காரர்கள் சொல்வது?

கம்பம் எலக்ட்ரிக்கல்:
அந்த வட்டத்துக்குள் எப்படியும் எங்கோ விழ இருந்ததில் பெரும்பகுதியைத்தான் டவர் தன் தலையில் வாங்குகிறது. வீட்டின் மேல் நேரடியாக விழும் வாய்ப்பு குறையும். ஆனால் டவர் எர்த்தில் இறங்கும் மின்சாரம் மண்ணில் பரவும், பாறை நிலத்தில் அது சட்டென்று அடங்காது, கரண்ட் கம்பி வழியாகவும் கேபிள் வழியாகவும் வீட்டுக்குள் ஏறும். உங்கள் டிவி அப்படித்தான் போயிருக்கும். மீட்டர் பெட்டியில், திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் போடுங்கள், கேபிள் எர்த்தையும் வீட்டு எர்த்தையும் ஒன்றாக இணைக்கச் சொல்லுங்கள். அதுவரை மேகம் கறுத்ததுமே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், இடி தொடங்கிய பிறகு போய் வயரைத் தொடவே வேண்டாம்.