லினக்ஸ் கைப்பேசிக்குக் கூட்டு நிதி: 800 பேர் போதுமா?

பாயான்_பைட் (பினாங்கு)

வணக்கம். பாயான் லெப்பாஸ் பக்கம் நாலு பேர் சேர்ந்து திறந்த மூல லினக்ஸ் கைப்பேசி ஒன்றுக்குத் திட்டம் போட்டிருக்கிறோம். ஆண்ட்ராய்டு கிடையாது. மெயின்லைன் கர்னல் (லினக்ஸின் அதிகாரபூர்வ மூலக் கரு), அதன் மேல் ஃபோஷ் என்ற கைப்பேசித் திரை இடைமுகம். சர்க்கியூட் வரைபடம் முழுக்க வெளியிடப்படும், பேட்டரியைக் கழற்றலாம். விலை 1,600 ரிங்கிட். 800 பேர் முன்பணம் கட்டினால் 1.28 மில்லியன் சேரும். இது போதுமா? எங்கே அடி விழும்? "பேசாம ஐபோன் வாங்கு" என்று சொல்ல வருபவர்கள் வேறு திரிக்குப் போகலாம் லா.

செந்தூல்_ஷெல்

கணக்கை முதலில் முடித்துவிடலாம். 1,280,000-இல் நிதி திரட்டும் தளத்தின் கட்டணம் 5 விழுக்காடு என்றால் 64,000. கார்டு கட்டணத்தை 3 விழுக்காடு என்று வையுங்கள், 38,400. கைக்கு வருவது 1,177,600. ஒரு கைப்பேசிக்கு 1,472 ரிங்கிட். திரை, சர்க்கியூட் போர்டு, மோடம் (நெட்வொர்க்கோடு பேசும் பாகம்), பேட்டரி, தபால், பழுதாகித் திரும்பி வருபவை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

வெளிக்கூட்டை வார்க்கும் மோல்டு, போர்டு மறுவரைவு, சான்றிதழ் சோதனை ஆகியவை ஒரே தடவை வரும் செலவுகள். அப்படிப்பட்ட செலவில் ஒவ்வொரு 100,000 ரிங்கிட்டும் 800 பேர் தலையில் ஆளுக்கு 125 ரிங்கிட்டாக ஏறும். அதுவே 8,000 பேர் என்றால் 12.50தான். சின்ன எண்ணிக்கையில் கைப்பேசி செய்பவர்கள் எல்லாரும் இடறுவது இங்கேதான்.

கூட்டு நிதி கேட்ட பழைய லினக்ஸ் கருவிகளைப் பாருங்கள். 2013-இல் உபுண்டு எட்ஜ் 32 மில்லியன் டாலர் கேட்டது. சுமார் 12.8 மில்லியன் சேர்ந்தது. இலக்கைத் தொட்டால்தான் பணம் என்ற விதி, அதனால் எல்லாம் திரும்பிப் போனது. தோல்விதான், ஆனால் யாருக்கும் நட்டமில்லை. ஜொல்லா டேப்லட் 2014-இல் கேட்டதைவிடப் பல மடங்கு பெற்றும் பெரும்பாலோர் கைக்குச் சேரவில்லை. லிப்ரம் 5 என்ற கைப்பேசி 2017-இல் 1.5 மில்லியன் டாலர் கேட்டு 2 மில்லியனுக்கு மேல் வாங்கியது. 2019 ஜனவரியில் தருவதாகச் சொன்னார்கள். ஆஸ்பென், பர்ச், செஸ்ட்நட், டாக்வுட் என்று மரப் பெயர்களில் சின்னச் சின்னத் தொகுதிகளாகத் திருத்தித் திருத்தி, பெரிய உற்பத்தியான எவர்க்ரீன் கிளம்பியபோது 2020 நவம்பர்.

அந்த இடைவெளியில் ஆட்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? உங்கள் 1,472-இல் அது எங்கே இருக்கிறது?

இன்னொன்று. பிட்ச்இன் போன்ற உள்ளூர்த் தளங்களில் பங்கு நிதி திரட்டுவது 2015 முதல் பங்குப் பத்திர ஆணையத்தின் விதிகளுக்குள் வருகிறது. அது கம்பெனியின் பங்கை விற்பது. கைப்பேசிக்கு முன்பதிவு வாங்குவது வேறு. இரண்டையும் ஒரே அறிவிப்பில் கலக்காதீர்கள்.

புடு_சால்டர்

எந்த சிப், எந்த மோடம் என்று சொல்லாமலேயே விலையைச் சொல்லிவிட்டீர்களே தம்பி.

சிப்பில் உள்ள சிக்கல் இது. புதிய குவால்காம் சிப்பை 800 எண்ணிக்கைக்கு ஆவணத்தோடு கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள். அதனால் ஆவணம் திறந்திருக்கும், பல வருடம் சப்ளை இருக்கும் தொழிற்சாலை வகைச் சிப்புக்குப் போக வேண்டிவருகிறது. லிப்ரம் 5 எடுத்தது ஐ.எம்எக்ஸ் 8எம் குவாட், பைன்64 நிறுவனத்தின் பைன்ஃபோன் என்ற லினக்ஸ் கைப்பேசி எடுத்தது ஆல்வின்னர் ஏ64. இரண்டுமே கார்டெக்ஸ் ஏ53 நாலு கோர். கைப்பேசிக்கென்று செய்யப்பட்டவை அல்ல என்பதால் சும்மா இருக்கும்போதே மின்சாரம் குடிக்கும். 3,000 எம்ஏஎச் பேட்டரி 3.8 வோல்ட்டில் 11.4 வாட்-மணி. போர்டு 2 வாட் இழுத்தால் ஆறு மணி நேரம்கூட நிற்காது. ஆகவே பயன்படுத்தாதபோது சிப்பைத் தூங்கவைத்தே ஆக வேண்டும். தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

பைன்ஃபோனில் மோடம் குவெக்டெல் ஈஜி25-ஜி. அது தனிக் கணினி மாதிரி, உள்ளே அதற்கென்று ஒரு லினக்ஸ் ஓடுகிறது. மெயின் சிப்போடு யூஎஸ்பி வழியாகப் பேசும், குரல் தனிக் கம்பியில் வரும். சிப் தூங்கினாலும் மோடம் விழித்திருக்கும். அழைப்பு வந்ததும் ரிங் கம்பியை இழுத்துச் சிப்பை எழுப்பும். சிப் எழுந்ததும் யூஎஸ்பி துண்டித்து மறுபடி இணைந்ததென்றால் மோடத்தைக் கவனிக்கும் மோடம்மேனேஜர் மென்பொருள் அதைப் புதுச் சாதனம் என்று நினைத்து முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதற்குள் கூப்பிட்டவர் வைத்துவிடுவார். திரையில் மிஸ்டு கால்கூடத் தெரியாது. வரைபடம் போடும்போதே இரண்டைக் கவனியுங்கள்: தூக்கத்திலும் மோடத்தின் மின்சாரம் அறுபடக்கூடாது, ரிங் கம்பி சிப்பை எழுப்பும் திறனுள்ள காலில் (பின்) போய்ச் சேர வேண்டும். போர்டு அச்சான பிறகு இதை மென்பொருளால் சரிசெய்ய முடியாது.

யூஎஸ்பி-சி பக்கமும் கவனம். பைன்ஃபோன் 1.2 போர்டில் அந்தப் பகுதியில் வரைபடப் பிழை, வெளித்திரை, விசைப்பலகை இணைக்கும் டாக் வேலை செய்யவில்லை. 1.2ஏ-யில்தான் திருத்தினார்கள். முதல் அச்சில் எல்லாம் சரியாக வரும் என்று பட்ஜெட் போடுவது பேராசை. மூன்று அச்சுக்காவது ஒதுக்குங்கள்.

திரை வாங்கும்போது ஒரே பேனலை நம்பாதீர்கள். தயாரிப்பாளர் நிறுத்திவிட்டால் புதுப் பேனலுக்குத் தொடக்கக் கட்டளை வரிசை வேறு, அதை ஓட்டும் டிரைவர் மென்பொருளைத் திருத்த வேண்டும்.

கெப்போங்_கர்னல்

மலேசியாவில் விற்பதென்றால் இன்னும் இரண்டு சுவர் இருக்கிறது.

முதலாவது நெட்வொர்க். 3ஜி 2021 கடைசியோடு மூடப்பட்டுவிட்டது. வோல்ட்இ (4ஜி வழியாகவே குரல் அழைப்பு) வேலை செய்யாத கைப்பேசியில் அழைப்பு வந்தால் 2ஜிக்கு இறங்கும், பேசி முடிக்கும்வரை டேட்டா நிற்கும். 2ஜியும் என்றைக்கும் இருக்கப்போவதில்லை. ஈஜி25-ஜியில் இங்கே தேவைப்படும் பேண்ட் (அலைவரிசை) 1, 3, 7, 8, 40 எல்லாம் உண்டு. ஆனால் பேண்ட் இருப்பது வேறு, வோல்ட்இ பதிவாவது வேறு. மோடத்துக்குள் இருக்கும் ஆபரேட்டர் கோப்பு பொருந்த வேண்டும். நம் ஆபரேட்டருக்குத் தனிக் கோப்பு இல்லையென்றால் பொதுக் கோப்பைத் தேர்ந்தெடுத்து, வோல்ட்இக்கு அடித்தளமான ஐஎம்எஸ் சேவையை இயக்கிவிட்டு, மோடத்தை மறுதொடக்கம் செய்து பார்க்க வேண்டும். ஒரு சிம்மில் ஓடுவது இன்னொரு சிம்மில் ஓடாமல் போகலாம். இங்குள்ள ஒவ்வொரு ஆபரேட்டரின் சிம்மையும் போட்டுச் சோதித்த அட்டவணையை நிதி கேட்கும் பக்கத்திலேயே வையுங்கள். அவசர எண்ணான 999-க்கு அழைப்பு போகுமா என்பது அதைவிட முக்கியம்.

இரண்டாவது சிரிம், அதாவது இங்கே கருவிகளுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பு. மோடம் ஏற்கெனவே சான்றிதழ் பெற்றது என்றால் சோதனை குறையலாம். முழுக் கைப்பேசிக்கும் தனியாகச் சான்றிதழ் வேண்டும், விற்பதற்குத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் முத்திரையும் வேண்டும். "டெவலப்பர் போர்டு" என்று பெயர் வைத்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், ரேடியோ இருந்தால் ரேடியோதான்.

பேங்க் விஷயத்தையும் மறைக்காதீர்கள். எஸ்எம்எஸ் ஓடிபியிலிருந்து மாறச் சொல்லி 2022-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்த பிறகு, பணம் அனுப்ப ஆப்பில் ஒப்புதல் கேட்கிறார்கள். லினக்ஸில் ஆண்ட்ராய்டை ஓடவைக்கும் வேட்ராய்டில் ஆண்ட்ராய்டு ஆப் திறக்கும், ஆனால் கூகள் சரிபார்ப்பு கேட்கும் ஆப் அங்கே நின்றுவிடும். வாங்குபவர் பழைய ஆண்ட்ராய்டு ஒன்றை வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். நாசி கண்டார் கடையில் கியூஆர் கட்ட முடியாதவன் அடுத்த நாளே பணத்தைத் திருப்பிக் கேட்பான்.

பாயான்_பைட்

நன்றி அண்ணே. சம்பளக் கணக்கு எங்களிடம் இல்லை, உண்மை. மோல்டுக்குப் பணம் கட்டவில்லை இன்னும். அப்படியானால் எதிலிருந்து தொடங்குவது?

புடு_சால்டர்

மென்பொருளுக்கு ஒன்பிளஸ் 6 பழையது இரண்டு வாங்குங்கள். ஸ்னாப்டிராகன் 845, மெயின்லைன் ஆதரவு நன்றாக இருக்கிறது. பூட்லோடரின் (தொடக்க மென்பொருள்) பூட்டைத் திறந்து போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸை ஏற்றி, ஃபோஷில் உங்கள் மாற்றங்களை அதில் சோதியுங்கள். திறக்கும்போது உள்ளே இருப்பது எல்லாம் அழியும், காப்பு எடுத்த பிறகு தொடுங்கள். கேமராவை எதிர்பார்க்காதீர்கள்.

வன்பொருளுக்கு மோல்டு வேண்டாம். சிப், மோடம், பேட்டரி மட்டும் உள்ள வெறும் போர்டு 20 அச்சடித்து, தூங்கும் போர்டுக்கு 100 தடவை போன் செய்யுங்கள். எத்தனை தடவை மணி அடித்தது, அடிக்க எத்தனை வினாடி எடுத்தது என்று எழுதி வையுங்கள். 95-க்குக் கீழே இருந்தால் யாரிடமும் ஒரு சென் வாங்காதீர்கள்.

பேட்டரிக்குப் புது வடிவம் வேண்டவே வேண்டாம். பைன்ஃபோன் சாம்சங் ஜே7 பேட்டரி அளவையே எடுத்துக்கொண்டது. கோலாலம்பூர் லோ யாட்டிலோ பினாங்கு கொம்தாரிலோ மாற்றுப் பேட்டரி தேடிப் பிடிக்கலாம், உங்கள் கடை மூடினாலும் கைப்பேசி ஓடும்.

செந்தூல்_ஷெல்

பைன்ஃபோனுக்கு பைன்64 கூட்டு நிதி திரட்டவில்லை என்பதையும் கவனியுங்கள். போர்டை முதலில் செய்து, 2020 தொடக்கத்தில் கைக்கு வந்த பிரேவ்ஹார்ட் பதிப்பைச் சுமார் 150 டாலருக்கு, இயங்குதளம் ஏற்றாமலேயே, தெரிந்தே வாங்குபவர்களுக்கு விற்றது. பிறகு வந்த சமூகப் பதிப்புகளில் கைப்பேசிக்கு 10 டாலர் அந்தந்த மென்பொருள் குழுவுக்குப் போனது. உங்கள் 20 போர்டு மணி அடித்த பிறகு, அடுத்த 100 போர்டை இதே மாதிரி விற்கலாம். ஆனால் கெப்போங்_கர்னல் சொன்ன சிரிம் விஷயத்தை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.