உப்பு இருந்தும் சாஃப்ட்னர் வேலை செய்யவில்லை

கேள்வி (கோத்தகிரி):
எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மையைப் போக்க வைத்த சாஃப்ட்னரின் தொட்டியில் உப்பு பாதிக்கு மேல் இருந்தும், மழை தொடங்கியதிலிருந்து கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு சேர்கிறது. நீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடிக்கும் ரெசின் மணிகளை மாற்ற வேண்டுமா?

பதில் (குன்னூர்):
அவசரப்பட்டு மாற்றாதீர்கள். நம் மலையின் ஈரக்காற்றில் உப்பு இறுகி மேலே ஓடுபோல் நிற்க, அடியில் வெற்றிடம் உண்டாகிவிடும். உப்புநீர் போதிய அளவு சேராததால், ரெசினில் பிடித்த கால்சியமும் மெக்னீசியமும் நீங்கிச் சோடியம் ஏற வழியில்லை. துடைப்பக் கட்டையால் மெதுவாகக் குத்துங்கள். எங்கள் வீட்டில் அது ‘தொம்’மென்று உள்ளே விழுந்தது.

பதில் (உதகை):
உடைத்த பின், சில மணி நேரம் உப்பு கரையவிட்டு, ரெசினை உப்புநீரால் புதுப்பிக்கும் ரீஜெனரேஷனை ஒருமுறை கையால் இயக்குங்கள். தூள் உப்பு எளிதில் கட்டிப்படும் என்பதால் கட்டி உப்பே நல்லது. குழாய் நீர் சிறிது நேரத்தில் செந்நிறமானால் இரும்பு இருக்கிறது. அதற்கு முன்வடிகட்டி அவசியம்.